மின்சாரம் நின்றாலும் கணினி நிலைகுலையாதிருக்க

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட நம் இளையரசனேந்தல் வட்டாரத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று அறியச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. சித்திரையில் கோடை மழை இடியோடு இறங்கினால் போகும். ஆடிக் காற்றில் ஒரு பனை மட்டை கம்பியில் விழுந்தால் போகும். துணை மின் நிலையப் பராமரிப்புக்காக ஊர்ப் பெயர்களோடு செய்தித்தாளில் முன்னறிவித்துவிட்டுப் போவதும் உண்டு. 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாதிருந்ததை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பொதுத்தேர்வுக்குப் படித்த அக்காமார் பலர் இன்று தாய்மாராக இருக்கிறார்கள். அந்த நிலை இப்போது மாறிவிட்டது. ஆயினும் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நாம் இருட்டில் உட்காரும் வேடிக்கை இடையிடையே நடக்கத்தான் செய்கிறது.

விளக்கும் விசிறியும் நின்றால் வியர்வையோடு போயிற்று. கணினி நின்றால் அவ்வாறன்று. மாணவியரின் மதிப்பெண்கள், பிறந்த தேதிகள், கட்டணக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ்ப் பதிவுகள் ஆகியவை இன்று பெரும்பாலான பள்ளிகளில் கணினிக்குள்தான் இருக்கின்றன. ஒரு பெண்ணின் பிறந்த தேதி தவறிப்போனால் அவள் பின்னாளில் எத்தனை அலுவலகப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பது அந்தத் துன்பத்தைக் கண்டவர்களுக்கே தெரியும். எனவே மின்தடையின்போது கணினியைக் காப்பாற்றும் யு.பி.எஸ். என்னும் கருவியைப் பற்றியும், அதை லினக்ஸ் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளைப் பற்றியும், அம்மென்பொருளை நிறுவும்போது வரும் தொல்லைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

மின்சாரம் திடீரென்று நின்றால் கணினிக்கு என்னதான் நேர்கிறது? பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை வரவு செலவை முதலில் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, சற்று ஓய்வு கிடைத்ததும் பேரேட்டில் ஏற்றுவார். கணினியும் இதையே செய்கிறது. நாம் 'சேமி' என்று சொன்னவுடன் எழுத்துகள் எல்லாம் வன்தட்டுக்குப் போய்விடுவதில்லை. சில நொடிகள் அவை நினைவகத்தில் காத்திருக்கும். லினக்ஸில் வழக்கமாக 30 நொடி வரைகூட இருக்கலாம். நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு வைத்திருக்கும். துண்டுத் தாள் காற்றில் பறந்துவிட்டால் பேரேட்டில் பாதிக் கணக்குத்தான் இருக்கும். இதற்கென்றே இன்றைய லினக்ஸ் கோப்பமைப்புகள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பிறகு செய்கின்றன. அதனால் கோப்பமைப்பு முழுவதும் குலைவது அரிதாகிவிட்டது. ஆனால் பாதியில் நின்ற மதிப்பெண் பட்டியலை அந்த நாட்குறிப்பாலும் நிறைவு செய்ய இயலாது.

யு.பி.எஸ். பெட்டிக்குள் இருப்பது ஒரு மின்கலமும், அதன் நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக ஆக்கும் சுற்றும் ஆகும். சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில மின்கலம் இருக்கும். பன்னிரண்டை ஏழால் பெருக்கினால் 84 வாட்-மணி. கணினியும் திரையும் சேர்ந்து 120 வாட் எடுத்தால் கணக்குப்படி 42 நிமிடம் ஓட வேண்டும். ஆனால் ஓடாது! அந்த 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. அவசரமாக உறிஞ்சினால் அதில் பாதிக்கும் குறைவே கிடைக்கும். மாற்றும் சுற்றிலும் சிறிது வீணாகும். ஆகவே புது மின்கலத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்த மின்கலத்திடம் ஐந்து நிமிடம் எதிர்பார்ப்பதும் பேராசையே. லேசர் அச்சு இயந்திரத்தை அதே பெட்டியில் சேர்த்துச் செருகுவோருக்கு அந்த ஐந்து நிமிடமும் இல்லை.

அந்த நிமிடங்களுக்குள் ஒருவர் வந்து கணினியை முறைப்படி நிறுத்திவிட்டால் கவலையில்லை. பள்ளி அலுவலகத்தில் ஆளிருக்கும் நேரத்தில் அது நடந்துவிடும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேர்வு விடுமுறையிலும் இயங்கிக்கொண்டிருக்கும் சர்வர் கணினியை யார் நிறுத்துவது? பெட்டி 'பீப் பீப்' என்று பூட்டிய அறைக்குள் கத்திக் கத்தி ஓய்ந்து போகும். ஆகவேதான் பெட்டியின் கூக்குரலைக் கணினியே கேட்டு, தானாகவே முறைப்படி நின்றுகொள்ள ஒரு மென்பொருள் தேவைப்படுகிறது.

பெட்டியோடு வரும் குறுந்தட்டில் பெரும்பாலும் விண்டோஸ் கணினிக்குரிய மென்பொருள்தான் இருக்கும். லினக்ஸ் என்ற பெயரில் ஒரு மடிப்பு இருந்தாலும், அது என்றோ எழுதப்பட்டதாகி, இன்றைய கணினியில் ஏற மறுக்கும். நம் மாநிலத்துக்கு இது சிறிய செய்தியன்று. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம், உமாசங்கர் அவர்கள் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007ஆம் ஆண்டையொட்டி, அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் பணியைத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலோ லினக்ஸ்தான் கணினிக் கல்வியின் அடிப்படை. மடிக்கணினிக்குத் தன்னுள்ளேயே மின்கலம் இருப்பதால் மின்தடை பற்றிய கவலை குறைவு. மேசைக் கணினிக்கும் சர்வருக்கும்தான் வெளியிலிருந்து காவல் வேண்டும்.

அந்தக் காவலைத் தருவது 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' என்னும் விலையில்லா மென்பொருள். சுருக்கமாக 'நட்' என்பர். நட்பில் பாதி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரசல் க்ரோல் என்பவர் 1998ஆம் ஆண்டளவில் தொடங்கிவைத்தார். பின்னர் அர்னோ கெட் நடத்தினார். இப்போது ஜிம் கிளிமோவ் தலைமையில் பல நாட்டு ஆர்வலர்கள் வளர்த்து வருகின்றனர். ஏ.பி.சி. நிறுவனத்தின் பெட்டிகளுக்கென்றே 'ஏ.பி.சி.யு.பி.எஸ்.டி' என்று வேறொன்றும் உண்டு. இரண்டும் நல்லவையே. ஆனால் ஒரே கணினியில் இரண்டையும் ஏற்றக்கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்வோம்.

'நட்' மூன்று அடுக்குகளாக வேலை செய்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டளைகளை மட்டும் பார்த்து எழுதுவோரே பெரும்பாலும் திண்டாடுகின்றனர். முதல் அடுக்கு இயக்கி. அது பெட்டியின் மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர். இரண்டாவது அடுக்கு சர்வர். மொழிபெயர்ப்பாளர் சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்போருக்கெல்லாம் சொல்லும் அஞ்சலகம் அது. மூன்றாவது அடுக்கு காவலாளி. ஐந்து நொடிக்கு ஒருமுறை அஞ்சலகத்தில் சென்று விசாரித்து, 'மின்சாரம் இல்லை, மின்கலமும் தீரப்போகிறது' என்ற செய்தி வந்தவுடன் கணினியை நிறுத்தும் பொறுப்பு அவருடையது. எங்கே கோளாறு என்று தேடும்போதும் இதே வரிசையில்தான் தேட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஊமையாக இருக்கும்போது காவலாளியைக் கடிந்து என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் முன்னே பெட்டியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே யு.எஸ்.பி. துளையோ, பழைய ஒன்பது முள் சீரியல் துளையோ இருக்கிறதா? மலிவான 600 வி.ஏ. பெட்டிகள் பலவற்றில் எதுவும் இருப்பதில்லை. வீட்டு இன்வெர்ட்டர்களிலும் பெரும்பாலும் இல்லை. வாய் இல்லாத பெட்டியை எந்த மென்பொருளாலும் பேசவைக்க முடியாது. கடையில் பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டிய இதனை வீட்டுக்கு வந்தபின் பார்ப்போர் பலர். சில பெட்டிகளில் பிணையக் கம்பி செருகுவது போன்ற துளை இருக்கும். அதற்குப் பெட்டியோடு வந்த தனிக் கம்பிதான் பொருந்தும். அதைத் தொலைத்துவிட்டுச் சாதாரணப் பிணையக் கம்பியைச் செருகினால் ஒன்றும் நடக்காது.

கம்பியைச் செருகியபின் 'எல்.எஸ்.யு.எஸ்.பி.' என்னும் கட்டளையைக் கொடுத்தால், கணினியில் செருகப்பட்ட கருவிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்து வீதம் இரண்டு எண்கள் இருக்கும். ஏ.பி.சி. பெட்டியானால் முதல் எண் 051டி. பலருக்கு இங்கேயே ஒரு குழப்பம் வருகிறது. பெட்டியின் மேல் ஒரு பெயர் இருக்க, பட்டியலில் வேறொரு பெயர் வரும். 0665:5161 என்ற எண்ணோடு 'சைப்ரஸ் செமிகண்டக்டர்' என்று வந்தால் அஞ்ச வேண்டாம். அது உள்ளிருக்கும் சிறு சில்லைச் செய்தவரின் பெயர். பல நிறுவனங்களின் பெட்டிகளில் இதே சில்லு இருக்கிறது. 0001:0000 என்று வந்தால்தான் சற்றுப் பொறுமை வேண்டும். அந்த எண்ணின் பின்னே ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல கிளைமொழிகள் பேசும் பெட்டிகள் மறைந்துள்ளன. எந்தக் கிளைமொழி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கத்தான் வேண்டும்.

பட்டியலில் பெட்டி வரவேயில்லையென்றால், குற்றம் கம்பியிலோ துளையிலோ இருக்கிறது. மென்பொருளைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதில் பொருளில்லை.

இனி மொழியைப் பற்றிச் சிறிது. நல்ல விலையுள்ள பெட்டிகள் 'எச்.ஐ.டி.' என்னும் பொதுமொழி பேசும். விசைப்பலகையும் சுட்டியும் கணினியோடு பேசும் அதே மொழிக் குடும்பம்தான். இவற்றுக்கு 'யு.எஸ்.பி.எச்.ஐ.டி-யு.பி.எஸ்.' என்ற இயக்கி. மலிவுப் பெட்டிகளில் மிகுதி 'மெகாடெக்' என்னும் பழைய மொழி பேசுபவை. இவற்றுக்கு 'நட்டிஆர்வி-க்யூஎக்ஸ்' என்ற இயக்கி. இந்த மெகாடெக் மொழி எளிமையில் மிக அழகானது என்பது நம் கருத்து. நொடிக்கு 2400 துகள் வேகத்தில் கணினி 'க்யூ1' என்று இரண்டெழுத்தில் கேட்கும். உடனே பெட்டி ஒரே வரியில் விடை தரும். எடுத்துக்காட்டாக:

(228.0 228.0 229.0 021 50.0 13.6 30.0 00001000

முதல் எண் உள்ளே வரும் மின்னழுத்தம். இரண்டாவது, கடைசியாகத் தடை வந்தபோது இருந்த மின்னழுத்தம். மூன்றாவது வெளியே போவது. 021 என்பது பெட்டியின் சுமை நூற்றுக்கு 21 என்பதைக் குறிக்கும். 50.0 என்பது நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண். 13.6 மின்கலத்தின் வோல்ட். 30.0 வெப்பநிலை. இறுதியில் உள்ள எட்டு இலக்கங்கள்தான் உயிர்நாடி. அவற்றில் முதல் இலக்கம் 0 ஆக இருந்தால் மின்சாரம் இருக்கிறது. 1 ஆனால் போய்விட்டது. இரண்டாவது 1 ஆனால் மின்கலம் தீரப்போகிறது. நான்காவது 1 ஆனால் பெட்டியே பழுது. கடைசி இலக்கம் கூக்குரலைப் பற்றியது. ஆக, பள்ளியின் கணக்குப் புத்தகமெல்லாம் இந்த எட்டில் முதலிரண்டு இலக்கங்களை நம்பியிருக்கின்றது!

மென்பொருளை நிறுவுவது டெபியன், உபுண்டு போன்றவற்றில் ஒரே வரிக் கட்டளைதான். நிறுவியவுடன் எதுவும் ஓடாது. 'இயங்கவில்லை' என்று சிவப்பெழுத்தில் வரும். இதைப் பார்த்துக் கலங்குவோர் பலர். காரணம் மிக எளிது. 'நட்.கான்ஃப்' என்னும் அமைப்புக் கோப்பில் 'மோட்' என்ற சொல்லுக்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் சொல்லை எழுதியே அனுப்புகிறார்கள். உரியவர் தெரிந்து மாற்றும்வரை எதுவும் ஓடாமல் இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஒரே கணினி, ஒரே பெட்டி என்றால் அங்கே 'ஸ்டாண்டலோன்' என்று எழுத வேண்டும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக்கூடாது; விட்டால் மறுபடியும் ஓடாது.

அடுத்து 'யு.பி.எஸ்.கான்ஃப்' கோப்பில் பெட்டிக்கு நாமே ஒரு பெயரிட்டு, இயக்கியின் பெயரையும் குறிக்க வேண்டும். யு.எஸ்.பி. பெட்டிகளுக்குத் துளையின் இடத்தில் 'ஆட்டோ' என்றால் போதும். இப்போது இயக்கியை மட்டும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 'அனுமதி போதவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால் அதற்கும் கலங்க வேண்டாம். இயக்கி தலைமை அதிகாரியாக ஓடுவதில்லை. 'நட்' என்னும் எளிய பயனராகவே ஓடுகிறது. பெட்டியைத் தொடும் உரிமையை அப்பயனருக்குத் தரும் விதி மென்பொருளோடு வந்துவிடுகிறது. ஆனால் அவ்விதி ஒரு கருவியைச் செருகும் கணத்தில்தான் செயல்படும். மென்பொருள் நிறுவுமுன்பே செருகியிருந்த பெட்டிக்கு அது பொருந்தாது. கம்பியைப் பிடுங்கி, பத்து எண்ணி, மீண்டும் செருகினால் பெரும்பாலும் தீர்ந்தது. இவ்வளவு சிறிய செய்தி தெரியாமல் லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவோரும் உண்டு. கதவு திறக்கவில்லையென்று வீட்டை இடிப்பது போல.

'கருவியைக் கைப்பற்ற முடியவில்லை' என்பது வேறொரு பிழை. இதற்குப் பொருள், வேறு யாரோ ஏற்கெனவே பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. முன்பு ஓடிய அதே இயக்கி நிற்காமல் இருக்கலாம். அல்லது 'ஏ.பி.சி.யு.பி.எஸ்.டி' ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரே தொலைபேசியில் இருவர் பேச முடியாததைப் போல ஒரே பெட்டியை இரு மென்பொருள்கள் பிடிக்க முடியாது. இரண்டையும் ஏற்றாதீர்கள் என்று முன்னே சொன்னதன் காரணம் இதுவே. எச்.ஐ.டி. மொழி பேசும் பெட்டியானால், லினக்ஸின் மேசைத் திரையே அதைக் கண்டுபிடித்து மூலையில் ஒரு மின்கலச் சின்னம் காட்டும். 'நட்' இயக்கி பெட்டியைக் கைப்பற்றியதும் அச்சின்னம் மறைந்துவிடும். பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரே ஒரு வீட்டுக் கணினி என்றால், அந்தச் சின்னத்தோடு நின்றுகொண்டாலும் தவறில்லை.

இயக்கி பேசத் தொடங்கியபின் 'யு.பி.எஸ்.சி.' என்ற கட்டளையால் அஞ்சலகத்தை விசாரிக்கலாம். நிலை என்ற வரியில் 'ஓ.எல்.' என்றால் மின்சாரம் உண்டு, 'ஓ.பி.' என்றால் மின்கலத்தில் ஓடுகிறது, கூடவே 'எல்.பி.' என்றும் வந்தால் முடியும் தறுவாய். 'தகவல் பழையது' என்று விடை வந்தால், அஞ்சலகம் திறந்திருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் வாயடைத்துப் போனார் என்று பொருள். இது இடையிடையே வந்து தானே சரியாகிறதென்றால் கம்பியையும் எர்த்தையும் சந்தேகிக்க வேண்டும். நம் கரிசல் மண் கோடையில் வாய் பிளந்து காய்ந்துவிடும். எர்த் குழியில் ஈரமில்லாவிட்டால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். உப்பும் கரியும் இட்ட குழிக்கு வெயிற்காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது, தோட்டத்து ரோஜாச் செடிக்கு ஊற்றுவதைவிட முக்கியம் என்று மின்பணியாளர்கள் சொல்வார்கள்.

மூன்றாவது அடுக்கான காவலாளிக்கு அஞ்சலகத்தில் நுழைய ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். இவை இரண்டு கோப்புகளில் எழுதப்படுகின்றன. இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே இன்னொரு இடறுகல் உண்டு. பெட்டி நேரே செருகப்பட்ட கணினியை 'பிரைமரி' என்றும், அதே பெட்டியில் மின்சாரம் பெறும் மற்றக் கணினிகளை 'செகண்டரி' என்றும் குறிப்பது 2022இல் வந்த 2.8.0 பதிப்பு முதல் வழக்கம். அதற்கு முந்திய பதிப்புகளில் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்ற சொற்களே இருந்தன. அடிமை, எசமான் என்னும் சொற்களைக் கைவிட்டது நல்லதே. ஆனால் பழைய பதிப்பு ஓடும் கணினியில் புதுச் சொல்லை எழுதினால் அதற்குப் புரியாது. புதிய பதிப்புக்கோ பழைய சொல்லும் புரியும். ஆகவே முதலில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கணினி ஆய்வகத்தில் பெரிய பெட்டி ஒன்றிலிருந்து பத்துக் கணினிகள் ஓடுகின்றன என்று கொள்வோம். பெட்டியின் கம்பி ஒன்றில்தான் செருகியிருக்கும். மற்ற ஒன்பதும் பிணையத்தின் வழியே அந்த ஒன்றிடம் நிலைமையைக் கேட்டறியும். மின்கலம் தீரும்போது, பிரைமரி முதலில் மற்றவற்றுக்கு 'நின்றுகொள்ளுங்கள்' என்று சொல்லி, அவை தொடர்பை முடித்துக்கொள்ள 15 நொடி வரை காத்திருந்து, கடைசியில் தான் நிற்கும். பிள்ளைகள் எல்லாரும் வெளியேறியபின் வகுப்பைப் பூட்டும் ஆசிரியையைப் போல. இதில் இரண்டு தடங்கல்கள் அடிக்கடி வருகின்றன. 'நட்' சர்வர் இயல்பாகத் தன் கணினிக்குள்ளிருந்து வரும் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். வெளியிலிருந்து வருவதையும் 'கேள்' என்று அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். 3493ஆம் துறையைத் தீச்சுவர் மறிக்காமலும் பார்க்க வேண்டும். மற்றது எளியது, எனினும் பலரும் மறப்பது. கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். அது சுவரிலிருந்து நேரே மின்சாரம் எடுத்தால், மின்சாரம் போன அந்தக் கணமே பிணையமும் போய்விடும். யார் யாருக்குச் சொல்வது?

இவ்வளவும் முடித்துவிட்டால் வேலை தீர்ந்ததென்று எண்ணிவிடக்கூடாது. சோதித்துப் பார்க்காத ஏற்பாடு ஏற்பாடே அன்று. திறந்திருக்கும் கோப்புகளை எல்லாம் மூடிவிட்டு, காவலாளிக்கு 'எப்.எஸ்.டி.' என்ற கட்டளை கொடுத்தால், மின்கலம் தீர்ந்ததாகவே பாவித்து முழு ஒத்திகையையும் நடத்திக் காட்டும். அதன்பின் உண்மையாகவே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போது செருகியைப் பிடுங்காமல் சுவர் ஸ்விட்சை மட்டும் அணையுங்கள். ஸ்விட்ச் மின்கம்பியைத்தான் துண்டிக்கும். எர்த் இணைப்பு அப்படியே இருக்கும்.

இந்தச் சோதனையில்தான் ஒரு நுட்பமான சிக்கல் வெளிப்படும். கணினி முறையாக நின்றுவிட்டது. சற்று நேரத்தில் மின்சாரமும் வந்துவிட்டது. ஆனால் கணினி எழவில்லை! ஏனென்றால், பெட்டி தன் மின்கலத்திலிருந்து தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவுமில்லை, வரவுமில்லை. நடுவிலே யாரோ நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இதைத் தவிர்க்க, கணினி நிற்கும் கடைசிக் கட்டத்தில் பெட்டிக்கு ஒரு கட்டளை போக வேண்டும். மெகாடெக் மொழியில் அது 'எஸ்.5ஆர்0003' என்பது போன்ற ஒரு வரி: அரை நிமிடத்தில் மின்சாரத்தை வெட்டு, மூன்று நிமிடம் கழித்து மீண்டும் கொடு. சுவர் மின்சாரம் இடையிலேயே திரும்பிவிட்டாலும் பெட்டி வெட்டிவிட்டுத்தான் கொடுக்கும். அப்போதுதான் கணினி புது மின்சாரத்தைக் காணும். இதற்கு 'கில்பவர்' என்ற அடையாளக் கோப்பு அமைப்பில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அதோடு கணினியின் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற கேள்விக்கு 'எழு' என்று விடை இருக்க வேண்டும். 'முன்பிருந்த நிலைக்குத் திரும்பு' என்ற விடை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முன்பிருந்த நிலை முறைப்படி நின்றிருந்த நிலை அல்லவா! அது தூங்கிக்கொண்டேதான் இருக்கும். திங்கட்கிழமை காலையில் சாவியோடு வருபவரே எழுப்ப வேண்டும்.

சுவர் ஸ்விட்சை அணைத்துச் சோதிக்கும்போது கடிகாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது பயன்தரும். மெகாடெக் பெட்டிகள் மின்கலத்தில் நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. வோல்ட்டை மட்டுமே சொல்கின்றன. 12 வோல்ட் மின்கலமானால் 13.0 நிறைவு, 10.4 வெறுமை என்று இயக்கி தானாக ஊகித்துக்கொண்டு கணக்கிடுகிறது. புது மின்கலத்துக்கு இந்த ஊகம் ஒருவாறு பொருந்தும். முதுமையடைந்த மின்கலமோ, நூற்றுக்கு 60 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்துவிடும். ஆகவே 'மின்கலம் தீரப்போகிறது' என்ற செய்திக்குக் காத்திராமல், மின்சாரம் போய் இரண்டு அல்லது மூன்று நிமிடம் ஆனவுடனேயே நிறுத்தச் சொல்வது நம் ஊருக்கு ஏற்றது. இதற்கு 'யு.பி.எஸ்.ஷெட்' என்ற சிறு துணைக்கருவி 'நட்' மென்பொருளோடு வருகிறது. மின்சாரம் போனதும் அது ஒரு மணிக்கூண்டைத் தொடங்கும். அதற்குள் மின்சாரம் திரும்பினால் மணிக்கூண்டை நிறுத்திவிடும். ஆடிக் காற்றில் வந்து வந்து போகும் மின்சாரத்துக்கு இது மிகவும் பொருத்தம். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கணினி நிற்காது.

பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் 2018ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அதைப் படிக்கும் மாணவியர் இருவர் மூவர் சேர்ந்தால், ஒரு சனிக்கிழமை முற்பகலில் இங்கே சொன்ன அனைத்தையும் செய்து முடித்துவிடலாம். ஒவ்வொரு கோப்பிலும் என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் மாற்றினோம், மின்கலம் எத்தனை நிமிடம் தாங்கியது என்பவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, பெட்டியின் அருகிலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிமிடக் கணக்கை மறுபடி எடுத்து அதே நோட்டில் குறியுங்கள். பன்னிரண்டு நிமிடம் தாங்கியது நான்காகக் குறைந்திருந்தால், அடுத்த மழைக்காலத்துக்கு முன் புது மின்கலம் வாங்கும்படி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். பழையதைக் குப்பையில் போடாமல், வாங்கும் கடையிலேயே கொடுத்தால் ஈயத்துக்கென்று விலையில் சிறிது கழித்துக்கொள்வார்கள்.